பாலில் கலக்கிக் குடி என்றால், பாலுக்கு?



எங்கள் ஊர் காசநோய் முகாமின் படம் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்திருந்தது. அதிகாரி கையால் வைட்டமின் டி பாக்கெட் வாங்குகிறாளே, அவள் என் தங்கை மகள். இடுப்பில் கட்டிய பெல்ட் படத்தில் தெரியவில்லை. முதுகெலும்பில் காசநோய். இருமல் இல்லை, சளி இல்லை. வெறும் முதுகுவலி என்று ஏழு மாதம் தைலம் தேய்த்து, கால் மரத்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவளை, அதிகாரி வரும்வரை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். நாற்காலி கேட்டேன், எல்லாம் மேடைக்குப் போய்விட்டதாம். வந்தவர் மைக் பிடித்து, "தினமும் வெயிலில் நில்லுங்கள், எதிர்ப்புச் சக்தி கூடும்" என்றார். அதுவரை என்ன நிழலிலா நின்றோம்?

பாக்கெட்டில் 60,000 யூனிட் பொடி. பாலில் கலக்கிக் குடிக்கச் சொன்னார் நர்ஸ். பாலுக்கு? காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகையை மாதம் 500-லிருந்து 1,000 ரூபாய் ஆக்கிவிட்டதாக 2024 நவம்பரிலிருந்து முழங்குகிறார்கள். சிகிச்சை தொடங்கி ஐந்து மாதமாகிறது, அவள் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. கேட்டால் ஒரு நாள் ஆதார், மறுநாள் சர்வர். தீப்பெட்டி ஆபீஸ் கூலியும் நின்றுபோன வீடு அது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகு கடுங்காப்பி.

வைட்டமின் டி வேண்டாமா என்று கேட்பார்கள். குறைபாடு இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். நம் வெள்ளணுக்கள் அதைக் கொண்டுதான் காசக்கிருமியைத் தாக்கும் ஒரு புரதத்தைத் தயாரிக்கின்றன. அறிவியல் வாத்தியாராக இருந்த எனக்கு அது தெரியும். ஆனால் நம் நாட்டு நுரையீரல் காசநோயாளிகளுக்கே மருந்தோடு இதையும் கொடுத்துப் பார்த்து, சளியில் கிருமி சீக்கிரம் மறையவில்லை என்று 2015-லேயே ஆய்வு வந்தாயிற்று. சோறு பலன் தந்திருக்கிறது. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்ததில், அவர்களிடையே புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வெளியிட்டார்கள். அரிசி மூட்டையோடு படம் எடுத்தால் எடுப்பாக இராது போலும்.

அடுத்த முகாமுக்கும் அவளையே கூப்பிட்டிருக்கிறார்கள். போன படம் நன்றாக விழுந்திருந்ததாம். இந்த முறை நாற்காலியை நாங்களே தூக்கி வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்