ஓர் ஒயரும் ஒரு சட்டமும்



"லைசென்ஸ் வேணாம், ஆர்.சி. வேணாம், ஹெல்மெட்டும் வேணாம்!" ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்தக் கடைவீதிக்குப் போனாலும் சின்ன மின் ஸ்கூட்டர் விற்பவர்கள் ஓதுகிற மந்திரம் இதுதான். இது பொய்யா? இல்லை. முழு உண்மையா? அதுவும் இல்லை. இந்தப் பாதி உண்மையால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 என்ன சொல்கின்றன? மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் இதைச் சோதித்துச் சான்று தர வேண்டும். அப்படியானால் அந்த வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகாது. அதனால்தான் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதையும் சட்டம் கேட்பதில்லை. 0.25 கிலோவாட் என்பது ஒரு குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு என்பது உங்களுக்குத் தெரியாததா!

இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் பெட்ரோல் வண்டிக்கு உள்ள சட்டம்தான். பச்சை நம்பர் பிளேட் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஹெல்மெட்டும் வேண்டும். ஆக, சலுகை சோதனையில் தேறிய அந்த வண்டிக்குத்தானே தவிர, அதில் கை வைத்து மாற்றிய வண்டிக்கு இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. கம்பெனி வேனை விட்டால் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று, சீட்டு எடுத்து ஒரு சின்ன ஸ்கூட்டர் வாங்கினார். ஒரு மாதம் போனது. "தம்பி, சைக்கிள்காரன்கூட என்னை முந்திக்கிட்டுப் போறான். நீ டிப்ளமோ படிக்கிற பையன்தானே, ஏதாச்சும் பண்ணேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கன்ட்ரோலரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரைக் கழற்றிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. வண்டி நாற்பதைத் தொட்டது. அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். மெத்தப் படித்தவன் என்ற நினைப்பில் நானும் குடித்தேன்.

மூன்றாவது வாரம், வேலை விட்டு வருகிற நேரம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மீது வண்டி மோதிவிட்டது. அவருக்குக் கால் எலும்பு முறிவு. அக்காவுக்கு நெற்றியில் ஆறு தையல். இன்சூரன்ஸ் கிடையாது. வளையலை அடகு வைத்துத்தான் பெரியவரின் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடுகிற தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25-லிருந்து 40-க்குப் போனால் அந்தத் தூரம் இரண்டரை மடங்கு! 25-க்கென்று போட்ட பிரேக் அதேதான், டயர் அதேதான். முதலாம் ஆண்டிலேயே படித்த பாடம். பரீட்சைக்குப் படித்தேன், ரோட்டுக்குப் படிக்கவில்லை.

பேட்டரி இன்னொரு பக்கம். 2022 மார்ச்சில் நம் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு நாட்டில் நடந்த இப்படிப்பட்ட தீவிபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. வேகம் கூடினால் பேட்டரியிலிருந்து இழுக்கும் கரன்ட்டும் கூடும், சூடும் கூடும். சோதனைச்சாலையில் தேறிய வண்டியை நாம் தெருமுனையில் வேறு வண்டியாக்கிவிட்டால் எந்தத் தரம் காப்பாற்றும்?

"அப்போ இந்தச் சலுகையையே எடுத்துடணுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடவே கூடாது! ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய முடியாத பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கால் கொடுத்த சலுகை அது. ஆனால் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, இந்தச் சின்ன வண்டிக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க வேண்டும். தலைக்கு வாட் கணக்கு தெரியாது. இரண்டு, மூன்றாம் நபருக்கான ஒரு சின்ன இன்சூரன்ஸை விற்கும்போதே பில்லோடு சேர்த்துவிட வேண்டும். அது இருந்திருந்தால் அக்காவின் வளையல் கையில் இருந்திருக்கும்.

சட்டம் வரும்போது வரட்டும். ஒயர் நம் கையில் இருக்கிறது. வேகத்தை ஏற்றித் தரச் சொல்லி ஊர் தேடி வருவது டிப்ளமோ படிக்கிற நம்மைத்தான். அக்காவின் வண்டியில் நான் கழற்றியதை நானே திரும்ப மாட்டிவிட்டேன். இப்போது அதே 25-க்குள்தான் போகிறார், தலையில் ஹெல்மெட்டோடு.

அடுத்த முறை யாராவது "தம்பி, கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் கொடு" என்று வந்தால், "முடியாதுக்கா" என்று சொல்லுவோம். சொல்வோமா?

— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன்