பீடைநாசினித் தடைகள்: ஆராய்ச்சி முந்தியபோதும் வர்த்தமானி முந்தியபோதும்

இலங்கையில் பீடைநாசினி ஒன்று தடை செய்யப்படுவது புதிய விடயமல்ல. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கான அதிகாரத்தையும் நடைமுறையையும் வகுத்துள்ளது. பேராதனையில் இயங்கும் பீடைநாசினிகள் பதிவாளர் அலுவலகம் பல இரசாயனங்களைச் சந்தையிலிருந்து அகற்றியும் இருக்கிறது. ஆயினும் கடந்த மூன்று தசாப்தங்களில் விதிக்கப்பட்ட தடைகளை ஒன்றாக வைத்து நோக்கும்போது, அவை இருவேறு வகையினவாக இருப்பதைக் காணலாம். ஒரு வகை உயிர்களைக் காத்தது. மற்றொரு வகை விவசாயியை வயலில் கைவிட்டது.

முதல் வகைக்குச் சிறந்த உதாரணம் 1995இல் நிகழ்ந்தது. அக்காலத்தில் தற்கொலை வீதத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருந்தது. ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் அவ்வீதம் காணப்பட்டது. அம்மரணங்களிற் பெரும்பாலானவை வீடுகளில் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த பூச்சிநாசினிகளால் ஏற்பட்டவை. எந்த இரசாயனம் எத்தனை உயிர்களைப் பறிக்கிறது என்ற மருத்துவத் தரவுகளின் அடிப்படையில், உலக சுகாதார நிறுவனம் மிக நச்சுத்தன்மை வாய்ந்தவையென வகைப்படுத்திய மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் போன்றவை 1995இல் தடை செய்யப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக எண்டோசல்பான் பரவி அதனால் மரணங்கள் கூடியதும், அதுவும் 1998இல் அகற்றப்பட்டது. பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியன 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன.

2005 ஆகும்போது தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. 1986-1995 தசாப்தத்துடன் ஒப்பிடுகையில் அடுத்து வந்த பத்து ஆண்டுகளில் 19,769 தற்கொலை மரணங்கள் குறைவாக நிகழ்ந்தன என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அத்தடைகளால் நெல் உள்ளிட்ட பயிர்களின் விளைச்சல் வீழ்ந்ததா என்பதும் தனியாக ஆராயப்பட்டது. வீழ்ச்சி எதுவும் தென்படவில்லை. ஒவ்வொரு இரசாயனத்தின் இடத்திலும் நச்சுத்தன்மை குறைந்த வேறொன்று பதிவில் இருந்தமையே அதற்குக் காரணம். அரிசியை உண்ணும் எவரும் இத்தடைகளை உணரவில்லை. பத்திரிகைகளில் பெரிய தலைப்புகளும் வரவில்லை. நல்ல நிர்வாகம் பெரும்பாலும் இப்படித்தான் ஓசையின்றி நடக்கிறது.

இரண்டாவது வகை 2015இல் தொடங்கியது. வட மத்திய மாகாணத்தில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பல ஆயிரம் விவசாயக் குடும்பங்களைச் சிதைத்துக்கொண்டிருந்தது. மதவாச்சி, பதவியா ஆகிய இடங்களில் நிலவிய துயரம் மிகைப்படுத்தப்பட்ட ஒன்றல்ல. 2014இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, கிளைபோசேட் களைநாசினி கடின நீருடனும் பார உலோகங்களுடனும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தது. அது கருதுகோள் மாத்திரமே; நிறுவப்பட்ட முடிவன்று. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபோசேட்டை மனிதரில் அநேகமாகப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது என வகைப்படுத்தியது. அந்த மதிப்பீடு புற்றுநோய் பற்றியதே அன்றி சிறுநீரக நோய் பற்றியதல்ல. எனினும் இவ்விரண்டும் அரசியல் மேடையில் ஒன்றாகக் கலக்கப்பட்டன. அத்துரலியே ரத்ன தேரர் போன்றோரின் பிரசாரத்தின் பின்னணியில், 2015 ஜூனில் கிளைபோசேட் இறக்குமதி முற்றாகத் தடை செய்யப்பட்டது.

கிளைபோசேட் தீங்கற்றது என இங்கு வாதிடவில்லை. அதன் இடத்தில் எதனை வைப்பது என்ற வினாவுக்கு 2015இல் எவரிடமும் பரிசோதிக்கப்பட்ட விடை இருக்கவில்லை என்பதே விடயம். தேயிலைத் தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாடின. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் இலங்கைத் தேயிலையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாக ஜப்பான் ஆட்சேபித்தது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தடை தளர்த்தப்பட்டது. ஏற்றுமதிப் பயிருக்குக் குரல் கொடுக்கப் பலர் இருந்தனர். நெல் விவசாயிக்கு அத்தளர்வு கிடைக்கவில்லை. இதனிடையே கற்பிட்டி, மன்னார்க் கரையோரங்களில் கடத்திவரப்பட்ட கிளைபோசேட் பிடிபட்ட செய்திகள் வாடிக்கையாகின. பதிவாளர் பரிசீலித்த போத்தலுக்குப் பதிலாக எவரும் பரிசீலிக்காத போத்தல் வயலுக்குப் போனது.

இதன் பாதிப்பைக் கிழக்கின் வயல்களில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் நாற்று நடுகை அரிது. வீசி விதைப்பதே வழக்கம். சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ வயல் செய்பவருக்கு முதல் எதிரி பூச்சியல்ல, களையே. நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. கையால் களை பறிக்கக் கூலியாட்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை. 1990களில் அம்பாறை உள்ளிட்ட மாவட்டங்களில் கவனத்துக்கு வந்த களை நெல் இன்னும் கொடியது. அது நெல்லின் இனத்தையே சேர்ந்தது என்பதால் நெல்லை விட்டு அதனை மாத்திரம் கொல்லும் சாதாரண களைநாசினி இல்லை. பயிர் முற்றுமுன்னரே மணிகளை நிலத்தில் உதிர்த்துவிடுகிறது. அறுவடை இயந்திரங்கள் அதன் விதையை ஊர் ஊராகக் கொண்டுசெல்கின்றன. விதைப்புக்கு முன்னர் நிலத்தை நனைத்து, களையை முளைக்கவிட்டு அழிப்பது அதற்கான முக்கிய வழிகளில் ஒன்று. அந்த அழிப்புக்குக் கிளைபோசேட் பயன்பட்டது. தடை வந்த நாளில் மீண்டும் மீண்டும் உழுவதற்கான எரிபொருட் செலவை யார் ஏற்பது என்று எந்த வர்த்தமானியும் கூறவில்லை.

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி இதே தவறை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. இரசாயன உரத்துடன் விவசாய இரசாயனங்கள் அனைத்தினதும் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் அது மீளப்பெறப்பட்டபோது பெரும்போகம் ஆரம்பித்திருந்தது. முந்திய பெரும்போகத்தில் சுமார் 30 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சத்துக்கும் கீழே போனது. இதில் உரமின்மையின் பங்கே பெரிது. களையின் பங்கைப் பிரித்தறிவது கடினம். நெல்லுக்கான கிளைபோசேட் தடை 2022 ஓகஸ்டில்தான் நீங்கியது. சிறுநீரக நோய்க்கான காரணம் ஏழு ஆண்டுகளின் பின்னரும் தீர்க்கப்படாமலே இருந்தது.

இரசாயனமின்றிப் பீடையைக் கட்டுப்படுத்த முடியாது என்பதும் உண்மையல்ல. கிழக்கில் அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தியை எடுத்துக்கொள்வோம். தத்தியைக் கண்டவுடன் பூச்சிநாசினி விசிறினால் அதனை உண்ணும் சிலந்திகளே முதலில் அழிகின்றன. இலையுறைக்குள் இடப்பட்ட முட்டைகள் தப்பிப் பொரிக்கின்றன. சில வாரங்களில் வயல் எரிந்தாற்போல் கருகுகிறது. இதனை ஆய்வுகள் நிறுவிய பின்னரே இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிநாசினிகளைத் தடை செய்து, விவசாயிகளுக்கு வயல் பாடசாலைகளை நடத்தியது. இலங்கையிலும் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தத்தியைத் தாங்கும் பி.ஜி. 379-2 போன்ற இனங்களை உருவாக்கியது. வயல் பாடசாலைகளும் 1990களில் இங்கு நடந்தன. வெளிநாட்டு உதவி இருந்த காலம் வரை அவை உற்சாகமாக நடந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை.

களைக்கு இத்தகைய வேலை செய்யப்படவில்லை. 1990களின் பிற்பகுதியிலேயே புரொப்பனிலுக்கு மசியாத புல்லினக் களை இலங்கை வயல்களிற் பதிவாகிவிட்டது. ஆகவே இன்று அனுமதியுள்ள களைநாசினிகளும் என்றென்றைக்கும் உதவப்போவதில்லை. சம்மாந்துறை, கரடியனாறு, கிளிநொச்சி ஆகிய இடங்களிலுள்ள திணைக்கள நிலையங்களும், வந்தாறுமூலையிலும் கிளிநொச்சியிலும் உள்ள விவசாய பீடங்களும் இதற்கு மிகப் பொருத்தமான இடத்தில் அமைந்துள்ளன. களை நெல் கலவாத விதைநெல், வரிசை விதைப்புக்கான கருவி, முதல் மூன்று வாரங்களில் வயல் நீரை நிறுத்தும் அளவு ஆகியன அவர்கள் விவசாயியின் வயலிலேயே சோதிக்கக்கூடியவை. ஒரு போகத்தில் இவற்றுக்கு விடை கிடைக்காது; குறைந்தது நான்கைந்து போகங்கள் தேவை. அதற்குரிய நிதியும், முடிவைத் தமிழில் விவசாயியிடம் கொண்டுசெல்லும் போதனாசிரியர்களும் அடுத்த தடை பற்றிய பேச்சு எழுவதற்கு முன்னரே ஒதுக்கப்பட வேண்டும். கிழக்கின் மக்கள் பிரதிநிதிகள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுப்ப வேண்டிய வினாக்களில் இதுவும் ஒன்று.