கணக்கு வாசிக்கட்டும்

நாஞ்சில் நாட்டில் அம்மன் கொடை முடிந்தால் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பார்கள். வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, நையாண்டி மேளத்துக்கு இவ்வளவு, வாழைக்குலைக்கு இவ்வளவு. வரி கொடுத்த எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். அரசாங்கத்திடம் அப்படிக் கேட்க முடியவில்லையே! 2020 மார்ச்சில் தொடங்கிய பிஎம் கேர்ஸ் நிவாரண நிதிக்குப் பிரதமரே தலைவர்; ஆனாலும் அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பிரதமர் அலுவலகம் வாதிட்டது. வெளியான ஆண்டுக் கணக்குகளிலும் மொத்தத் தொகைகள்தான் இருந்தன, அவ்வளவுதான்.

தண்டனைக் குறைப்பில் இருட்டு இன்னும் அதிகம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவெடுக்காமல் வைத்திருந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. விடுதலை சரியா தவறா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ராஜீவ் கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கும், மகனுக்காகச் சிறைவாசல் ஏறி இறங்கிய தாய்க்கும் தாமதத்தின் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கருணைக் கோப்பு எந்த மேசையில், எத்தனை நாளாக, ஏன் கிடக்கிறது என்று ஆளுநர் மாளிகை மாதந்தோறும் வெளியிடட்டும். நீங்களும், நன்கொடை கேட்டு வருவது நிவாரண நிதியானாலும் தொண்டு நிறுவனமானாலும், போன வருஷக் கணக்கைக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.