சோதனைச் சாவடியும் பட்டாவும்: கண்காணிப்பு தவறும் இடம்

புதுதில்லி: 2022 ஜனவரியில் வாளையாறு மோட்டார் வாகனச் சோதனைச் சாவடியில் கேரள விஜிலன்ஸ் பிரிவினர் நடத்திய திடீர்ச் சோதனையில் கணக்கில் வராத ரூ.67 ஆயிரம் சிக்கியது. கூடவே பூசணிக்காயும் ஆரஞ்சுப் பழங்களும் இருந்தன. மூன்றாண்டு கழித்து, 2025 ஜனவரியில், வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லைச் சாவடிகளில் மீண்டும் சோதனை. இம்முறை சிக்கிய தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். பொள்ளாச்சியிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் காய்கறி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு இது செய்தியே அல்ல.

2017இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் மறைந்தபோது எல்லை லஞ்சம் ஒழிந்தது என்று பேசப்பட்டது. துறை மாறியதே தவிர, வழக்கம் மாறவில்லை.

இத்தனைக்கும் அங்கே கண்காணிப்பு ஏற்பாடு இல்லாமல் இல்லை. பணிக்கு வரும் ஊழியர் தம்மிடமுள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு மேல் கையிலிருப்பது கணக்கில் வராதது. எளிய, நல்ல உபாயம். ஆனால் அது காட்டுவது அன்றைய சட்டைப்பையை மட்டுமே. உறவினர் பெயரில் ஓடும் லாரியையோ, எல்லைக்கு அப்பால் வாங்கிய தோப்பையோ அந்தப் பதிவேடு காட்டாது.

லஞ்சம் வேறு, நலன் முரண்பாடு வேறு. தம் குடும்பத்துக்கோ, தமக்கு வேண்டியவர்களுக்கோ ஆதாயமுள்ள கோப்பில் ஓர் அரசு ஊழியர் முடிவெடுத்தால், ஒரு ரூபாய்கூடக் கைமாறாவிட்டாலும் அது முரண்பாடுதான். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: குடும்பத்தினர் பணிபுரியும் அல்லது ஆதாயம் கொண்ட நிறுவனத்தின் விவகாரத்தை ஊழியர் தாமே கையாளக் கூடாது; மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். கேரளத்தின் 1960ஆம் ஆண்டு விதிகளும் தனி வணிகத்தைத் தடுக்கின்றன. ஆண்டுதோறும் சொத்து விவரம் கேட்கின்றன.

அந்த மேலிடத்துக்கே கோப்பில் ஆதாயம் இருந்தால்? விதிப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. இடுக்கி மாவட்டத்தின் கதை இங்குதான் தொடங்குகிறது.

1999இல் தேவிகுளம் வட்டத்தில் கூடுதல் தாசில்தார் பொறுப்பிலிருந்த துணை தாசில்தார் ஒருவர், 9 கிராமங்களில் 530 பட்டாக்களை வழங்கினார். 'ரவீந்திரன் பட்டா' என்று அவர் பெயராலேயே இன்றும் வழங்கப்படுபவை அவை. கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு முறையாக அளிக்கப்பட்டதா, நில ஒதுக்கீட்டு நடைமுறைகள் பின்பற்றப்பட்டனவா என்பதே பிரச்னை. மேலிட உத்தரவின்படியே செய்தேன் என்பது அவர் தரப்பு.

உண்மையில் அந்த ஒரு கையெழுத்தைவிடக் கவனிக்க வேண்டியது, அதை ஆராய வேண்டியவர்களின் நிலை. மூணாறில் ஆளும் கூட்டணிக் கட்சிகளின் அலுவலகங்களே இத்தகைய பட்டா நிலத்தில் நின்றன. 2007இல் முதல்வர் அச்சுதானந்தன் அனுப்பிய மூவர் அணி (சுரேஷ்குமார், ரிஷிராஜ் சிங், ராஜு நாராயணசாமி) ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்து வந்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. இந்திய கம்யூனிஸ்ட் அலுவலகத்தின் முகப்பில் இயந்திரம் கை வைத்ததும் கூட்டணிக்குள் புயல் எழுந்தது. அணியின் வேகம் அதோடு தணிந்தது. 2017 ஜூலையில் தேவிகுளம் உதவி ஆட்சியர் ஸ்ரீராம் வெங்கட்ராமன் மாற்றப்பட்டதும் ஆக்கிரமிப்பு விவகாரத்தில் மோதல் முற்றிய பின்னர்தான். 530 பட்டாக்களையும் ரத்து செய்யும் உத்தரவு 2022 ஜனவரியில் வந்தது. இடையில் 23 ஆண்டுகள். அந்த உத்தரவையும் மார்க்சிஸ்ட் மூத்த தலைவர் எம்.எம். மணி வெளிப்படையாகவே எதிர்த்தார்.

இத்தகைய நிலையில் வெளியார் ஒருவரின் தீர்ப்பு தேவை. அதற்காக வந்ததே 1999ஆம் ஆண்டின் கேரள லோக் ஆயுக்த சட்டம். அதற்குப் பல் இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தில் உறவினரைப் பொது மேலாளராக்கிய விவகாரத்தில், அமைச்சர் கே.டி. ஜலீல் பதவியில் நீடிக்கக் கூடாது என்று 2021 ஏப்ரலில் லோக் ஆயுக்த கூறியது. சில நாள்களில் அவர் ராஜிநாமா செய்தார். அடுத்த ஆண்டே சட்டத்தின் 14ஆவது பிரிவு திருத்தப்பட்டது. அதன்படி முதல்வர் மீதான முடிவைச் சட்டப்பேரவையும், அமைச்சர் மீதான முடிவை முதல்வரும் பரிசீலிக்கலாம். ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய அம்மசோதா 2024இல் ஒப்புதல் பெற்றது. தீர்ப்பு மீண்டும் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

திருவனந்தபுரத்தை மட்டும் குறை சொல்ல தில்லிக்குத் தகுதி இல்லை. லோக்பால் சட்டத்தின் 44ஆவது பிரிவு, அரசு ஊழியர்கள் தம் சொத்துடன் மனைவி அல்லது கணவர், சார்ந்துள்ள பிள்ளைகள் சொத்தையும் அறிவிக்க வேண்டும் என்று விவரமாகவே விதித்திருந்தது. 2016 ஜூலையில் இரண்டே நாள்களில் இரு அவைகளும் அதைத் திருத்தி, 'அரசு வகுக்கும் முறையில்' அறிவித்தால் போதும் என்றாக்கின. அடிக்கடி அமளியில் முடங்கும் அவைகள் இவ்விஷயத்தில் காட்டிய ஒற்றுமை வியப்புக்குரியது. நலன் முரண்பாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று தமிழகத்தைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் சுதர்சன நாச்சியப்பன் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவே இல்லை.

சொத்து விவரம் யாருக்குச் செல்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐஏஎஸ் அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரத்தை எவரும் பார்க்கலாம். சாவடி ஊழியரின், வட்டாட்சியர் அலுவலக எழுத்தரின் விவரம் அவர் துறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. புகார் வந்தால்தான் அதைப் பிரிப்பார்கள். நிலமும் லாரியும் சம்பந்தப்பட்ட பணியிடங்களிலாவது, குடும்பத்தின் சொத்தும் தொழிலும் அத்துறைக்கு வெளியிலுள்ள ஓர் அமைப்பால் ஆண்டுதோறும் ஒப்பிடப்பட வேண்டும். அப்போதுதான் விஜிலன்ஸ் வருவதற்கு முன்பே முரண்பாடு தெரியவரும்.

ரத்தான பட்டாக்களை வைத்திருந்தவர்களில் விடுதி நடத்துவோரும் உண்டு, சில சென்ட் நிலத்தில் வீடு கட்டிய சாதாரணக் குடும்பங்களும் உண்டு. தகுதியுள்ளவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று 2022 உத்தரவு கூறியது. அவர்கள் மனுவோடு போய் நிற்க வேண்டியதும் அதே வருவாய்த் துறையின் படியில்தான்.