தமிழுக்கு மட்டும் தடையாகும் தன்னுரிமை

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளி முதலாளிகளுக்கு உரிமை வேட்கை எப்பொழுதும் எழுவதில்லை. தமிழில் தேர்வு எழுது என்று அரசு சொல்லும்பொழுது எழுகின்றது. ஏனைய காலங்களில் அது நன்றாக உறங்குகின்றது.

1999-இல் ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்று அரசாணை பிறந்தது. பள்ளி முதலாளிகள் வழக்குமன்றம் ஏறினர். 2000-இல் சென்னை உயர் அறமன்றம் அவ்வாணையை வீழ்த்தியது. 2014-இல் கன்னட நாட்டு வழக்கொன்றில், தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கட்டாயப்படுத்த அரசுக்கு உரிமையில்லை என்று உச்ச அறமன்றத்தின் ஐவர் ஆயமும் தீர்ப்பளித்தது. எனவே, தமிழில் கற்பி என்று சொல்லும் உரிமை போயிற்று. தமிழை ஒரு பாடமாகவேனும் கற்பித்துத் தேர்வு எழுதச் செய் என்னும் உரிமை ஒன்றே எஞ்சியது.

அந்த எஞ்சிய உரிமையின் பெயர்தான் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம். எவ்வளவு மென்மையான சட்டம்! 2006-07-இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல்தான் பத்தாம் வகுப்பை அடைந்தது. அகரம் எழுதத் தொடங்கிய குழந்தை அரசுப் பொதுத்தேர்வில் அமரும்வரை அச்சட்டம் பொறுத்திருந்தது. தமிழாசிரியரை அமர்த்தப் பத்தாண்டு போதாதா? தேர்வு நெருங்கியதும் விலக்குக் கேட்டு வழக்குகள் குவிந்தன.

தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் உருதும் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளின் குறை வேறு. தம் மொழித் தேர்வுக்கும் உரிய மதிப்பெண் வேண்டும் என்று அவர்கள் கேட்டது முறையானது. அதனைத் தமிழர் மறுக்க வேண்டுவதில்லை. ஆனால், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு மதிப்பெண் மிகுதியாக வரும் என்று ஆசை காட்டிப் பிரெஞ்சையும் சமற்கிருதத்தையும் விற்றவர்களுக்கு அந்த நிழலில் ஒதுங்க என்ன உரிமை உண்டு?

தம் உரிமையை இவர்கள் எதற்குப் பயன்படுத்தினர் என்பதையும் பார்க்க வேண்டும். முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல், உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றது. அவற்றைக் கோழிப்பண்ணைப் பள்ளிகள் என்று மக்களே அழைத்தனர். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலை மூடிவைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போடச் செய்யும் பழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியது. அதனைத் தடுக்கவே 2018 மார்ச்சு முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வைக் கைவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது சரி. அந்தப் பழைய பழக்கத்துக்குக் கதவு மீண்டும் திறக்காது என்பதற்கு என்ன காப்பு?

இனி நீட் தேர்வைக் காண்க. 2017-இல் அது தமிழ்நாட்டின் மேல் வந்து விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பையும், மாநிலப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணையும், பள்ளி ஆசிரியரின் உழைப்பையும் மருத்துவ மாணவர் சேர்க்கையில் ஒரே நாளில் செல்லாக் காசாக்கிய தேர்வு அது. பள்ளியின் தன்னுரிமைக்கு அதைவிடப் பெரிய அடி வேறுண்டா? தமிழ்த் தேர்வைக் கண்டு கொதித்தவர்கள் இங்குக் கொதித்திருக்க வேண்டாவா? பள்ளி வாயில்களில் நீட் பயிற்சிப் பலகைகள்தாம் ஏறின. கட்டணமும் உடன் ஏறிற்று. வருவாய் தரும் தேர்வு என்றால் அடிமைத்தனமும் இனிக்கும் போலும்!

அரசும் குற்றத்திற்குத் தப்பியதன்று. 2014-இல் ஓர் ஆணையால் நடுவண் கல்வி வாரியப் பள்ளிகளையும் தமிழ் கற்றல் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. 2015-16-இல் முதல் வகுப்பில் தமிழ் தொடங்கிய பிள்ளைகள் 2024-25-இல் பத்தாம் வகுப்பை எட்டினர். அவர்களுள் எத்தனை பேர் ஒரு தமிழ்ச் செய்தித்தாளைத் தடுமாறாமல் படிப்பர்? கல்வித்துறை பள்ளிதோறும் சென்று, அப்பிள்ளைகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். கிடைத்த கணக்கைப் பள்ளியின் பெயரோடு ஊரறிய வெளியிடட்டும்.