கண்ணாடித் தொட்டியின் முதல் மாதம்

கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கி, மணல் பரப்பி, நீர் நிரப்பி, அன்று மாலையே ஆறு தங்கமீன்களை அதில் விட்டுவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுவோர் பலர். முதல் மூன்று நாட்களும் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கும். பிள்ளைகள் மீன்களுக்குப் பெயரும் சூட்டிவிடுவர். நான்காம், ஐந்தாம் நாளில் நீர் சற்றே மங்கும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கிழமை முடியுமுன் இரண்டு செத்து மிதக்கும். பெயர் வைத்த மீன் மிதப்பதைக் கண்டு அழும் பிள்ளைக்கு யாது மறுமொழி கூறுவது? 'கடைக்காரன் நோய்மீனைத் தந்துவிட்டான்' என்பதே வழக்கமான விடை. பெரும்பாலும் அது வீண்பழியேயாகும்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. மிஞ்சிய உணவும் அழுகி அமோனியாவையே தரும். குளத்திலே இது பெருநீரில் கலந்து கரைந்துவிடும்; சிறு தொட்டியிலோ போக்கிடமின்றித் தேங்கும். இந்நஞ்சை உண்டு வாழும் பற்றீரியாக்கள் சில உள. ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொருவகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் கொடியதே, அது மீனின் குருதியில் ஏறி, ஒட்சிசனைச் சுமக்கவிடாது தடுக்கும். நைத்திரேற்று அத்துணைத் தீங்கற்றது. ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டளவில் மண்ணில் இனங்கண்ட அதே தொழில்தான் நம் வீட்டுத் தொட்டியின் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் நடைபெறுகிறது. புதுத்தொட்டியில் இவ்வுயிர்கள் இல்லை. அவை போதிய அளவிற் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும்.

ஆதலின், தொட்டியை நிறுவியதும் வடிகட்டியை ஓடவிட்டு, மீனே இல்லாமல் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் இட்டுவருக. வெறுந்தொட்டிக்கு உணவிடுவதைக் கண்டு அயலார் நகைக்கக்கூடும், நகைக்கட்டும். நோயற்ற பழைய தொட்டியுள்ள நண்பர் இருப்பின், அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனச் சோதனைத் துளிகள் காட்டிய பின்னரே மீன்களை விடவேண்டும். அதுவும் முதலில் இரண்டு மூன்று மட்டுமே.

எல்லாவற்றினும் பெரிய பிழை நம்மவரின் துப்புரவு மோகத்தால் நேர்வது. மீன் இறந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, மணலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலிற் காயவைத்து, புதுநீர் நிரப்பிப் புதுமீன் விடுகின்றனர். அரும்பத் தொடங்கிய பற்றீரியாக்கள் அத்தோடு அழிந்தன. கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். தொட்டிக்குள் சவர்க்காரம் அண்டவே கூடாது. கிழமைக்கொருமுறை நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றினாற் போதும். பஞ்சை, அவ்வாறு எடுத்த பழைய நீரிலேயே அலசிப் பிழிக. இன்னொன்று: மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் வடிகட்டியை நிறுத்துவோர் உளர். ஓட்டமின்றேல் பஞ்சிலுள்ள பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் கிட்டாது. நீர்த்தாவரங்களும் இரவில் ஒட்சிசனை உட்கொள்பவையே என்பதை மாணவர் அறிவர்.

நீரும் ஊருக்கு ஊர் வேறுபடும். நகரக் குழாய்நீரிற் குளோரீன் உண்டு. அது பற்றீரியாக்களையும் கொல்லும், மீனின் செவுளையும் அரிக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்து பயன்படுத்துக. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரிற் குளோரீன் இல்லை. ஆயினும் அது சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறிவருவது. கடினமும் காரத்தன்மையும் உடையது. காரத்தன்மை ஏற ஏற அமோனியாவின் நச்சும் ஏறும் என்பதால், அங்குள்ளோர் முதல் மாதத்தில் இருமடங்கு பொறுமை காக்கவேண்டும். கப்பி, மொலி ஆகியன அந்நீரை விரும்பும். நமது தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளில் வாழும் 'லே தித்தெயா' என்னும் செந்நிறச் சிறுமீனோ மென்னீருக்குரியது. 1929 இல் தெரணியகல அறிவியலுலகுக்கு அறிமுகஞ்செய்த இம்மீன் இலங்கைக்கே உரியது. நீர் பொருந்தாத வீட்டில் அதனை வைத்து வாட்டுவானேன்?

உணவு பற்றி நீளச் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டு நிமிடத்தில் உண்டு தீர்வதே அளவு. பாண் துண்டு, சோற்றுப் பருக்கை வேண்டா. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே அன்பு காட்டுவதால் மீன் ஐந்து வேளை உண்ணும் வீடுகள் உண்டு. இப்பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று. யன்னலோர வெயில் பாசியை வளர்க்கும். அறுபது லீற்றர்த் தொட்டி மணலோடு எழுபது கிலோவுக்கு மேல் நிறுக்குமாதலின், ஆடும் மேசை ஆகாது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தங்கமீனுக்கென விற்பவர்களைக் கண்டால் எனக்குச் சினமே வரும். நன்கு வளர்க்கப்பட்ட தங்கமீன் ஒரு சாணளவு வளர்ந்து, பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. தொட்டி பெரிதாயின் நஞ்சு செறிவது மெதுவாகும். தொடக்கக்காரருக்குச் சிறுதொட்டியே கடினம்.

'ராங்க் கிளீனர்' என்னும் பெயரில் விரலளவிற் கிடைக்கும் கறுப்பு மீனை, பாசியைத் தின்னுமென்று நம்பிப் பலர் வாங்குகின்றனர். அது ஓரடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாதபோது, 'பாவம், உயிரோடு போகட்டும்' என்று வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் இவ்வாறே நம் நாட்டு நீர்நிலைகளிற் பரவி, கரைகளைத் துளைத்து, உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்து வருகிறது. விடப்படும் அந்த ஒன்றின்மேல் வைத்த இரக்கம், குளத்திலுள்ள ஆயிரத்துக்குக் கேடாய் முடிகிறது. தொட்டிக்கு மிஞ்சிய மீனை வாங்கிய கடைக்கே கொண்டு செல்லுங்கள். பணம் திரும்பாவிட்டாலும் பெரும்பாலும் மீனை ஏற்றுக்கொள்வர்.