தாத்தாவின் பெட்டியில் ஒரு லூகர்

அமெரிக்காவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா இறந்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி வரை போய் வந்தவர். வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே பழைய கடிதங்கள், ஒரு பதக்கம், அவற்றுக்கு அடியில் கெட்டித் தோலுறைக்குள் ஒரு கைத்துப்பாக்கி. பேத்தி அதைத் தொடவில்லை. விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, உள்ளே தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்கிறார். வந்தவர் பார்த்த மாத்திரத்தில், "அட, லூகர்!" என்கிறார்.

1945-இல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த போர் நினைவுப் பொருள்களில் முதலிடம் இதற்குத்தான். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருந்தால் சட்டப்படியே கொண்டுவரலாம். அப்படி வந்தவை எத்தனையோ வீடுகளில் பரணிலும் அலமாரியிலும் தூங்குகின்றன.

பழைய பொருள் வாங்கும் ஒருவரிடம் பேத்தி காட்டுகிறார். அவர் தோட்டா அறையின் மேல்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். அங்கே 1917 என்று ஒரு வருடம். அதன் அருகிலேயே 1920 என்று இன்னொரு வருடம். "ரெண்டு வருஷம் அடிச்சிருக்கு. யாரோ கை வெச்சிருக்காங்க. முந்நூறு டாலர் தரேன்" என்கிறார்.

கொடுத்துவிடலாமா? இந்த இடத்தில்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது. எந்தப் புத்தகம், அச்சா, மின்நூலா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

துப்பாக்கியின் கதை சுருக்கமாக. ஹியூகோ போர்ச்சார்ட் 1893-இல் செய்த பிஸ்டல் கனமானது, கைக்கு அடங்காதது. ஆஸ்திரியாவில் பிறந்த கியோர்க் லூகர் அதைக் கைக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தார். சுடும்போது முழங்கால் மாதிரி மேல்நோக்கி மடங்கி நிமிரும் மூட்டுதான் இதன் அடையாளம். சுவிஸ் ராணுவம் 1900-இல் முதலில் ஏற்றுக்கொண்டது. ஜெர்மன் கடற்படை 1904-இலும், தரைப்படை 1908-இலும் எடுத்துக்கொண்டன. 1914 செப்டம்பரில் 'எம்டன்' கப்பல் சென்னையில் குண்டு போட்டதை நம் ஊர்ப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்களே, அப்போது ஜெர்மன் கடற்படையின் கைத்துப்பாக்கி இதுதான். உலகம் முழுக்கப் போலீஸும் ராணுவமும் இன்றும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பாரபெல்லம் தோட்டா இதற்காகப் பிறந்ததே.

பார்வைக்கு எல்லா லூகரும் அண்ணன் தம்பி போல ஒரே சாயல். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெர்லினில் டி.டபிள்யூ.எம். தொழிற்சாலை முதல் உலகப்போரில் லட்சக்கணக்கில் செய்து தள்ளியது ஒரு ரகம். சூல் நகரத்தின் கிரீகாஃப் நிறுவனம் ஜெர்மன் விமானப்படைக்காக ஒப்பந்தம் போட்டுச் செய்தது வெறும் 10,000. முந்தையதைவிடப் பிந்தையதற்குப் பல மடங்கு விலை. 1907-இல் அமெரிக்க ராணுவத்தின் சோதனைக்காக .45 அளவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில லூகர்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று 2010-இல் ஏலத்தில் ஏறக்குறைய 5 லட்சம் டாலருக்குப் போனது.

வித்தியாசத்தைச் சொல்பவை முத்திரைகள். கடுகு அளவில் இருக்கும். மூட்டின் மேல் செய்தவர் குறி, தோட்டா அறைமேல் வருடம், பக்கவாட்டில் சோதித்தவர் முத்திரை, பிடியின் முன்பக்கம் சில நேரம் படைப்பிரிவின் பெயர்ச்சுருக்கம். இவை போதாதென்று குழப்புவதற்கென்றே சில உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த புதிதில், வெர்சாய் உடன்படிக்கையை மீறி ஆயுதம் செய்வது வெளியே தெரியக்கூடாது என்று, மவுசர் தொழிற்சாலை தன் பெயருக்குப் பதிலாக 'எஸ்/42' என்று அடித்தது. வருடத்துக்குப் பதிலாக 1934-க்கு 'கே', 1935-க்கு 'ஜி' என்று ஒற்றை எழுத்து. பிறகு 'எஸ்/42' வெறும் '42' ஆகி, 'பி-ஒய்-எஃப்' ஆனது.

சீரியல் நம்பராவது கைகொடுக்குமா? அதுவும் முழுசாகக் கொடுக்காது. ராணுவத்துக்குச் செய்தபோது ஒன்றிலிருந்து பத்தாயிரம் வரை எண்ணிவிட்டு, அடுத்த பத்தாயிரத்துக்குப் பின்னால் 'ஏ' சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து, அப்புறம் 'பி' என்று போவார்கள். வருடம் பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆக, ஒரே நம்பர், ஒரே எழுத்து உள்ள இரண்டு லூகர்கள் வேறு வேறு வருடத்தில் பிறந்திருக்க முடியும். நம்பர், எழுத்து, வருடம், செய்தவர் குறி நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஜாதகம் கணிக்க முடியும். அந்த நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் சின்னச் சின்ன உதிரிபாகங்களிலும் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று மாறியிருந்தாலும் விலை சரியும்.

இதையெல்லாம் பார்க்கப் பக்கத்தில் படம் வேண்டும். படம் என்றால் அச்சுப் புத்தகம்தான் என்று சேகரிப்பவர்களில் மூத்தவர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

சார்லஸ் கென்யன் 1969-இல் கொண்டுவந்த 'லூகர்ஸ் அட் ரேண்டம்' புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். விவரம் ஒரு புறம், படம் மறுபுறம். மேஜையில் விரித்து, பக்கத்தில் துப்பாக்கியை வைத்து, கண் இங்கும் அங்கும் போய்வரலாம். ஆறு அங்குலக் கைபேசியில் அதே இரண்டு பக்கத்தைப் பார்த்தால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் படம் இருக்கும்போது விவரம் ஓடிவிடும், விவரம் வந்தால் படம் ஓடிவிடும். மின்நூல் படிக்கும் கறுப்பு வெள்ளைக் கருவியில் முத்திரை வெறும் சாம்பல் புள்ளி.

பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பதுதான் மின்நூல்காரர்களின் துருப்புச்சீட்டு. அது எல்லா மின்நூலுக்கும் பொருந்தாது. புதிதாக எடுத்த டிஜிட்டல் படத்தோடு வந்த நூல் என்றால் முத்திரையைத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கலாம். அச்சுப் புத்தகம் தோற்றுப்போகும். ஆனால் இணையத்தில் உலவும் பல பி.டி.எஃப்.கள், அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய புத்தகங்களை ஸ்கேன் செய்தவை. அன்றைய அச்சில் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் புள்ளி பெரிதாகும், முத்திரை தெளியாது. போலி முத்திரையை அசலிலிருந்து பிரிப்பது ஓர் எழுத்தின் வால் வளைவு என்னும்போது, இது சின்னக் குறையல்ல.

தேடுவதில் மின்நூலை அடித்துக்கொள்ள முடியாது. மூன்று பெரிய தொகுதிகளாக வந்த கோர்ட்ஸ், ஸ்டர்ஜஸ் இருவரின் ஆராய்ச்சி நூல் இத்துறையில் கடைசிச் சொல் என்று மதிக்கப்படுவது. அதைத் தூக்கி மடியில் வைத்து ஒரு குறியீட்டைத் தேடுவதற்கு முதுகு பலமாக இருக்க வேண்டும். மின்வடிவில் இருக்கும் நூல்களில் நொடியில் கிடைக்கும். இங்கேயும் ஒரு சூட்சுமம். 'லூகர்' என்பது அமெரிக்க வழக்கு. ஸ்டோகர் என்ற இறக்குமதி நிறுவனம் அதைத் தன் வணிகப் பெயராகவே பதிந்துகொண்டது. ஜெர்மானியருக்கு அது 'பிஸ்டோல் 08' அல்லது 'பாரபெல்லம்'. ஜெர்மன் கையேட்டின் பி.டி.எஃப்.இல் லூகர் என்று தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று மூடினால் நஷ்டம் தேடியவருக்கு. ஸ்கேன் செய்த எழுத்தைக் கணினி படிக்கும்போது 'எஸ்/42' என்பதன் ஆங்கில எழுத்து '5' ஆகவோ '8' ஆகவோ மாறியிருக்கவும் கூடும்.

எந்த வடிவமானாலும், எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்பது அதைவிடப் பெரிய விஷயம். 'பிளாக் விடோ' என்று ஒரு லூகரைச் சொல்வார்கள். கறுப்பு பேக்லைட் பிடி போட்ட, 1941, 42 காலத்து மவுசர். பெயரைக் கேட்டால் ஏதோ நாஜி ரகசியப்படையின் ஆயுதம் போலத் தோன்றும். போருக்குப் பிறகு ஓர் அமெரிக்க வியாபாரி சரக்கு விற்கச் சூட்டிய பெயர் அது. ஜெர்மன் ஆவணம் எதிலும் கிடையாது. பெயர் மட்டும் வாய்வழியாக நிலைத்துவிட்டது, விலையும் கூடவே ஏறிவிட்டது. பழைய புத்தகங்களில் இம்மாதிரி செவிவழிச் செய்திகள் உண்டு. கோர்ட்ஸும் அவரைப் போன்றவர்களும் ஜெர்மன் அரசு உத்தரவுகளைத் தோண்டி எடுத்த பிறகுதான் பல விஷயம் தெளிந்தது. மலிவு மின்நூல்களில் பழைய தவறு அப்படியே புது உடுப்போடு வருவதும் உண்டு.

வாங்கிய மின்நூல் நம்முடையதா என்பது தனிக் கதை. 2009-இல் அமேசான், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அழித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையையே மூடியது. பணம் திரும்ப வந்தது, புத்தகம் போனது. துப்பாக்கி நூறு வருடம் இருக்கிறது. அதை விளக்கும் நூல் பத்து வருடமாவது இருக்க வேண்டாமா? பெட்டிக்குள் துப்பாக்கியோடு வைத்த அச்சுப் புத்தகத்தைப் பேரன் எடுப்பான். தாத்தாவின் கடவுச்சொல்லை அவன் எங்கே போய்த் தேடுவான்?

அதனால் ஒரே ஒரு லூகர் வைத்திருக்கும் வீட்டுக்கு, நூலகத்தில் இரவல் வாங்கிய ஒரு நல்ல அச்சுப் புத்தகமும், உதிரிபாகங்களைப் படத்தோடு விளக்கும், சில டாலருக்குக் கிடைக்கும் ஒரு சின்ன மின்நூலும் தாராளம். பல நூறு டாலர் போட்டு மூன்று தொகுதி வாங்குவது சேகரிப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு. சேகரிக்கத் தொடங்குபவர் எந்தக் காலத்துத் துப்பாக்கியோ அந்தக் காலத்துக்கான நூலைத் தேட வேண்டும். ஜேன் ஸ்டில் கைசர் காலம், வைமர் காலம், ஹிட்லர் காலம் என்று மூன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். புத்தகம் வரும்வரை எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசை மட்டும் வரக்கூடாது. பழைய மேற்பூச்சு போனால் விலையில் பாதி அதோடு போய்விடும்.

பேத்திக்கு நூலகத்திலிருந்து புத்தகம் வந்து சேர்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். முதல் உலகப்போரில் தோற்ற பிறகு ஜெர்மன் ராணுவம் ஒரு லட்சம் பேராகச் சுருக்கப்பட்டது. வெளியே பொதுமக்களிடம் ஏராளமான ஆயுதம். அரசுக்குச் சொந்தமானது எது என்று பிரித்தறிய, கையிருப்பில் இருந்தவற்றின் மேல் 1920-இல் அந்த வருடத்தையே சொத்துக்குறியாக அடித்தார்கள். 1917 பிறந்த வருடம். 1920 அரசாங்க முத்திரை. யாரும் கை வைக்கவில்லை.

முந்நூறு டாலர்க்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். தாத்தாவின் கடிதக் கட்டுக்குள் மேலதிகாரி கையெழுத்திட்ட அந்தக் காகிதமும் அகப்பட்டிருக்கிறது. விற்பதா, வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.